வடக்கே போக வேண்டிய மணல்

புன்னைத்துறையில் கடலுக்குள் கல் இறக்கியதற்கு அடுத்த வருஷம், சோழகக் காற்று அடித்து ஓய்ந்து கடல் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஊருக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்திருந்த மணலில் ஆள் இல்லாமல் கால்தடம் மட்டும் விழத் தொடங்கியது. முதலில் பார்த்தவர்கள் நெத்திலி காயப்போட வந்த பெண்கள். குதிகால் அழுந்தும், பிறகு விரல்கள் பதியும், ஒரு தடத்துக்கு முன்னால் இன்னொரு தடம் விழும், நடக்கிற ஆள் மட்டும் இருக்கமாட்டார். பேய் பிசாசு என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவர்களில் ஒருத்தி இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம சலேத்தம்மா காலுல்லா? சூசைமணலுக்குக் கெட்டிக்குடுத்தோமே, அவ காலு. குதி வெடிப்பப் பாரு" என்றாள். மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். சலேத்தம்மாவின் கால்தான். அதற்குப் பின்னால் அவள் மாமியாரின் கால், அதற்கும் பின்னால் ஒரு குழந்தையின் கால், குதித்துக் குதித்து. தெரிந்த கால்களுக்கு என்ன பயம்? தடம் போகிற வழியை மட்டும் விட்டுவிட்டுப் பெண்கள் நெத்திலியைப் பரப்பினார்கள்.

அந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் கால் தரிக்காது. சோழகம் வீசுகிற மாதங்களில் அலையின் தோளில் ஏறித் தெற்கேயிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்கும். புன்னைத்துறையில் கொஞ்ச நாள் தங்கும், அடுத்த ஊரான சூசைமணலில் கொஞ்ச நாள் தங்கும், அதற்கப்பால் தோமாபுரத்தில் கொஞ்ச நாள், திருவிழாவுக்குத் திருவிழா கடை போடுகிற வளையல்காரர் மாதிரி ஊர் ஊராகப் போகும். வாடைக்காற்றில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் வருவதைவிடப் போவதுதான் எப்போதும் கூடுதல். கல் விழுந்த பிறகு அந்த மணல் புன்னைத்துறையைத் தாண்டவில்லை. போக வேண்டிய மணல் போகாமல் நின்றுவிட்டால், அதன்மேல் நடந்திருக்க வேண்டிய கால்கள் என்ன செய்யும்? மணல் நின்ற இடத்தைத் தேடிக்கொண்டு வந்துவிட்டன. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று புன்னைத்துறைக்காரர்கள் இருந்துவிட்டார்கள். ஆச்சரியப்பட ஆரம்பித்தால் அடுத்து வெட்கப்பட வேண்டியிருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

கல் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பல வருஷங்களாகவே கடல் ஏறிக்கொண்டிருந்தது. முன்பு வள்ளத்தை இழுத்துப் போட்டுத் தார் பூசிய இடத்தில் இப்போது வள்ளம் தானாக மிதந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பேறி, உலையில் உப்புப் போடத் தேவையில்லாமல் போனது. பங்குச்சாமியார் பிரசங்கத்தில், உலகம் சூடாகிறது, எங்கெங்கோ மலை மலையாகக் கிடந்த ஐஸ் எல்லாம் உருகுகிறது, அந்தத் தண்ணீர்தான் நம் வாசலுக்கு வருகிறது, மனிதன் செய்த பாவம் என்றார். பூசை முடிந்ததும் ஊர்க்கமிட்டித் தலைவர் லெயோன், "நம்ம ஊரு ஐஸ் கம்பெனியையே மூடி ரொம்ப நாளாச்சு. உருகுறதுக்கு நம்மகிட்ட ஏது சாமி ஐஸு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சோழகத்தில் கடல் வந்து முதல் வரிசை வீடுகளையும் அந்தோணியார் சிலை நின்ற குருசடியையும் எடுத்துக்கொண்டு போன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஊரே திரண்டு போய்ப் பெரிய ரோட்டை மறித்து உட்கார்ந்தது. ஆண்கள் உட்கார்ந்தால் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பெண்களை முன்னால் உட்காரவைத்தார்கள். முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தவள் பிரான்சிட்டா. கோவிலில் பாட்டெடுத்துக் கொடுக்கிற குரல் அவளுக்கு. "தூண்டில் வளைவு வேண்டும்" என்று அவள் ஒரு தடவை சொன்னால் பின்னால் இருக்கிறவர்களுக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் வளைத்துப் போடுகிற கருங்கல் சுவர். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து பெண்கள் கறுத்துப்போன பிறகு அதிகாரிகள் இறங்கிவந்தார்கள். ஒரு இன்ஜினீயர் பங்கு மண்டபத்துக்கு வந்து, "கல்லைப் போட்டால் இங்கே மணல் சேரும், உங்கள் ஊர் நிற்கும்" என்றார். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அவர், "ஆனால் வடக்கே போகிற மணல் நின்றுபோகும். அடுத்த ஊரைக் கடல் சாப்பிடும்" என்றும் சொன்னார். கைதட்டல் ஓயவில்லை, கொஞ்சம் பலமாகவே கேட்டது. ஆனால் அந்த இரண்டாவது பேச்சைக் கேட்காத காது அந்த மண்டபத்தில் ஒன்றுகூட இல்லை.

பிரான்சிட்டா அதை மற்ற எல்லோரையும்விட நன்றாகக் கேட்டாள், ஏனென்றால் அவள் பிறந்த ஊர் சூசைமணல். அருளப்பனைக் கட்டிக்கொண்டு புன்னைத்துறைக்கு வந்து, ஒரே மகள் ஜெரோபினைப் பெற்று, அவளைப் போன வருஷம் தோமாபுரத்தில் கட்டிக்கொடுத்தும் ஆகிவிட்டது. ஆனாலும் தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தால் இன்னும் அவளை 'சூசைமணல்காரி' என்றுதான் சொல்வார்கள். அங்கே அவளுடைய அண்ணன் கஸ்பார் இருந்தார், கடற்கரை ஓரத்து வீட்டில். இன்ஜினீயர் வந்துபோன சில நாட்களில் சூசையப்பர் திருவிழா வந்தது. வழக்கம்போல அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மைனி தெரசம்மா சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். "கல்லு வருதாமேட்டி, நல்லது. ஒங்க வீடு தப்பிச்சிது" என்று கஸ்பார் உள்ளபடியே சந்தோஷப்பட்டார். சொல்லிவிடலாம் என்று பிரான்சிட்டா வாயைத் திறந்தாள். வாயிலிருந்து, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க மைனி" என்றுதான் வந்தது.

அப்படியாகக் கல் விழுந்தது, மணல் சேர்ந்தது, கால்கள் வந்தன. வந்த கால்களோடு ஊர் மெல்ல மெல்லப் பழகியது. வலை காயப்போடுகிறவர்கள் நடுவில் ஒற்றையடிப் பாதை விட்டுக் காயப்போட்டார்கள். பிள்ளைகள் 'இது யாரு காலு' என்று விளையாடினார்கள். தாய்மார் முதுகில் ரெண்டு வைத்து வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, பிறகு தாங்களே நின்று அதே விளையாட்டை விளையாடினார்கள். சூசைமணல் சேதி எல்லாம் மணலில் படித்தே தெரிந்துகொண்டார்கள். இன்னார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, தடங்கள் தள்ளித் தள்ளிப் போகின்றன. இன்னாருக்கு முழங்கால் வலி, ஒரு கால் இழுபடுகிறது. சலேத்தம்மாவின் குதிகால் வரவர ஆழமாக விழுவதைப் பார்த்துவிட்டு அவள் தாய், மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று கண்டுபிடித்து ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். போனில் கூப்பிட்டு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டாள். "இங்க தரை இருக்கான்னே தெரியல, இதுல என்னத்தச் சொல்ல" என்று மகள் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் இருந்த வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது. கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி, பூசைக்கு வராமல் படுத்துத் தூங்கினேன் சாமி என்று ஊரே வந்து சொன்னது. சொல்ல வேண்டியதை ஒருத்தரும் சொல்லவில்லை. பிரான்சிட்டாவும் போய், புருஷனை எதிர்த்துப் பேசினேன் என்று சொன்னாள். சாமியார் ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், மணி உருட்டி உருட்டி விரல் காய்த்துப்போகும்வரை.

ஊரில் எழுதாத சட்டம் ஒன்றும் உருவானது. அந்தக் கால்களை மிதிக்கக் கூடாது, பெருக்கக் கூடாது, அவற்றிடம் 'வாங்க' என்று சொல்லவும் கூடாது. பகையாளி வாசலில் வந்து நின்றாலும் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குகிற ஊர் அது. ஆனால் 'வாங்க' என்று சொல்லிவிட்டால் உட்காரச் சொல்ல வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும், இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நாள் இருந்துவிட்டு? அதனால் தடம் வாசலுக்கு வந்தால் பார்க்காத மாதிரி உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினார்கள். அந்த மாதங்களில் புன்னைத்துறையில் பாத்திரம் உருளாத வீடே இல்லை.

பிரான்சிட்டாவின் வீட்டுக்கு ஒரு தடம் தினமும் வந்தது. இடது காலில் சுண்டுவிரல் இல்லாத தடம். இளவயதில் திருக்கை முள் குத்திப் புரையோடி, கஸ்பாருக்கு அந்த விரலை எடுத்திருந்தார்கள். தடம் மணலைக் கடந்து நேராக வரும், வாசற்படிக்கு ஓரடி முன்னால் வந்து இரண்டு காலும் சேர்ந்து நிற்கும், அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். ஏன் படியேறவில்லை என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் என்றைக்கும் தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததில்லை. பனங்கிழங்குக் கட்டு, ஒரு கொத்து முருங்கைக்காய், ஒன்றும் கிடைக்காத நாளில் நாலு வெற்றிலையாவது மடியில் இருக்கும். இப்போது கொண்டுவர அவரிடம் என்ன இருக்கிறது? அவள் கதவுக்குப் பின்னால் நின்று அந்தத் தடத்தைப் பார்ப்பாள், பிறகு போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் சூசைமணலுக்குப் புறப்பட்டுப் போனாள். ஊர் பாதியாகிவிட்டிருந்தது. பனைகள் வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்து நின்றன; அறுத்த பூசணிக்காய் மாதிரி வீடுகள் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே காட்டிக்கொண்டு நின்றன. கோவிலுக்கு முன்னால் மட்டும் ஒரு துண்டு மணல் மிச்சம் இருந்தது. அதில் பெண்கள் குடத்தோடு போனார்கள், ஆண்கள் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒருத்தர் தடமும் விழவில்லை, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. பிரான்சிட்டா அதில் கால் வைத்தாள். அவள் தடம் மட்டும் பளிச்சென்று விழுந்தது. தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று அதைப் பார்த்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக, நுனிக்காலில் நடந்து பார்த்தாள், அப்போதும் விழுந்தது.

"எங்க காலெல்லாம் ஒங்க ஊர்லதான் நடக்குதாம்லா?" என்று கேட்டுக்கொண்டே தெரசம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஆமா மைனி."

"நடக்கட்டும். இங்க நடக்க எடமில்ல."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் பிரான்சிட்டாவுக்குத் தேத்தண்ணீர் சுலபமாக இறங்கியிருக்கும். பின்சுவர் இல்லாத வீட்டில், கடலைப் பார்த்தபடி கஸ்பார் உட்கார்ந்திருந்தார். "டவுன்காரன் கடலப் பாத்துக்கிட்டே சோறு திங்க ரூம் போடுதான். நமக்குச் சும்மாவே கெடச்சிருக்கு" என்றார்.

"அண்ணே, எங்க வாசல் வரைக்கும் வாறீங்க. உள்ள வர மாட்டேங்கிறீங்க."

"நான் எங்கட்டி வாறேன்? நான் இங்கதான இருக்கேன். காலு வருது. அதுக்கு என்ன ரோசமோ."

அவள் அன்றைக்கும் வாயைத் திறந்தாள். அன்றைக்கும் வேறு ஏதோதான் வந்தது. முருங்கை பூத்திருக்கிறதா என்று கேட்டாள். முருங்கை நின்ற இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஊர்க்கமிட்டி கூடியது. புது மணலைச் சும்மா போட்டு வைத்திருப்பதால்தானே இந்தத் தொல்லை, முழுக்கச் சிமெண்டுக் கல் பாவிவிட்டால் உட்கார பெஞ்சும் போடலாம், பார்க்கவும் லட்சணமாக இருக்கும், தடம் விழுகிற பேச்சுக்கும் இடமில்லை என்று லெயோன் சொன்னார். பங்குச்சாமியார் எழுந்து, இவ்வளவு மணல் கிடக்கிறதே, சூசைமணலில் வீடு போனவர்களில் கொஞ்சம் பேரையாவது இங்கே குடியேற்றினால் என்ன என்று கேட்டார். "சாமி, எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவாவ" என்றார் லெயோன். மடம் தன்னுடையது என்பதாலோ என்னவோ சாமியாரும் அதற்கு மேல் பேசவில்லை. சூசைமணலில் பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மகள் கால் தினமும் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்கள்தான் முதலில் கை தூக்கினார்கள்.

கல் பாவிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வாசலாக மணல் மறைந்தது. பிரான்சிட்டாவின் வாசலுக்கு வந்தபோது அவள் இறங்கிப்போய் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி கூத்து இது?" என்று அருளப்பன் ஓடிவந்தார். "ஊரோட ஒத்துப் போ. நாளைக்கு வள்ளத்தத் தள்ள நாலு பேரு வரணும்லா?"

"ரோட்டுல போய் உக்காருன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னிய. இது நம்ம வாசல்தான். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

கொஞ்ச நேரம் என்பது வேலைக்காரர்கள் கூலி போய்விடுமே என்று அலுத்து அடுத்த வாசலுக்கு நகரும்வரை நீண்டது. அவள் வீட்டுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு மணல் தப்பியது. அருளப்பன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு வேண்டும் என்றால் தட்டைத் தட்டினார்.

மறுநாளிலிருந்து சூசைமணல் முழுக்க அந்தத் துண்டு மணலுக்கு வந்து சேர்ந்தது. வேறே எங்கே போகும்? சலேத்தம்மாவின் கனத்த கால், அவள் மாமியாரின் கால், மைனியின் கால், கோவிலில் மணியடிக்கிற குட்டியாரின் பெரிய கால், பேர் தெரியாத பிள்ளைகளின் கால், ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றை அழித்து ஒன்று, நடக்க இடமில்லாமல் நின்ற இடத்திலேயே நின்று, எல்லாம் அவள் கதவைப் பார்த்தபடி. முன்னால் சுண்டுவிரல் இல்லாத கால். உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்ட அவள் திரும்பினாள். கை பாத்திரத்தில் படவில்லை. இவ்வளவு பேர் வாசலில் நிற்கும்போது இன்னும் உள்ளே நிற்கிறேனே, நான் எந்த வயிற்றில் பிறந்தவள் என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பட்டப்பகலில், அக்கம்பக்கத்தார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வாசலுக்கு வந்து நின்று, "வாங்க" என்றாள். பிறகு கோவிலில் பாட்டெடுக்கிற குரலிலேயே, "எல்லாரும் வாங்க. உள்ள வாங்க" என்றாள்.

தடங்கள் அசைந்தன, படிவரைக்கும் வந்தன. படி சிமெண்டு, அதில் தடம் விழாது. அதனால் உள்ளே வந்தார்களா, படியோடு நின்றார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. இருக்கிற பானையில் பெரிய பானையாக எடுத்துச் சோறு பொங்கினாள், குழம்பு வைத்தாள், இலை விரித்து எல்லாவற்றையும் பரிமாறிவிட்டுச் சுவரோரம் நின்றாள். சோறு ஆறிப்போய் அப்படியே இருந்தது. புன்னைத்துறையில் அன்றைக்குவரை அவளோடு பேசிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் கஸ்பார் ஆளாகவே வந்தார். படியில் நிற்கவில்லை, விறுவிறுவென்று ஏறி உள்ளே வந்துவிட்டார். கையில் ஒன்றும் இல்லை.

"வாங்கண்ணே."

"வந்துட்டேன். ஒண்ணும் கொண்டாரல."

"அது கெடக்கு. உக்காருங்க."

"வீடு போச்சுட்டி. நேத்து மத்தியானம். ஒன் மைனியக் கோவில்ல உக்கார வச்சுட்டு வாறேன்."

"இங்க கூட்டிட்டு வாங்க. வாசல்ல மணல் கெடக்கு, ஓலையக் கெட்டி இருப்போம். எவன் என்ன சொல்லுதான்னு பாப்போம்."

"ஊரே வந்தா கொள்ளுமா?"

அவள் வாசலைப் பார்த்தாள். "கொள்ளாது" என்றாள்.

"அதான். எங்களுக்கும் கல்லு கேட்டு ரோட்டுல உக்காரப் போறோம், நாளைக்கு. பாதிப் பேரு தூத்துக்குடிக்கும் கேரளாவுக்கும் போயிட்டாவ, ஆள் பத்தாது. நீ வந்து முன்னால உக்காரணும். ஒன் கொரல் இருந்தா அதிகாரி காதுல விழும். ஒனக்கு உக்காந்து பழக்கம்."

பிரான்சிட்டா உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருஷமாக எதற்காகச் செபமாலை உருட்டினாளோ அந்தப் பாரத்தை இறக்கிவைக்க அண்ணனே தோள் கொடுக்கிறார். ஆனால் அவள் மனசு சூசைமணலைத் தாண்டி வடக்கே ஓடிவிட்டது.

"அண்ணே, ஒங்களுக்கு வடக்க தோமாபுரம்லா. ஜெரோபின் அங்கல்லா இருக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னக் கேக்கிய?"

"நீ உக்காரும்போது ஒனக்கு வடக்க நான்தானட்டி இருந்தேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வெயிலில் வந்த களைப்பில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிரான்சிட்டா அவர் காலடியில் உட்கார்ந்து, இத்தனை நாள் வராத அந்தப் பேச்சைச் சொன்னாள். "இன்ஜினீயர் சொன்னத நான் கேட்டேண்ணே. மணல் ஒங்களுக்கு வராதுன்னு சொன்னாவ. கேட்டுட்டுத்தான் ஒங்க வீட்டுக்கு வந்து சோறு தின்னேன்."

"எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம். சீலா மீனு ஒனக்குச் சேராது. ரெண்டாந்தரம் கொழம்பு கேக்குத ஆளா நீ? என்னமோ மறைக்கான்னு ஒன் மைனிகூடச் சொன்னா." கஸ்பார் சுண்டுவிரல் இல்லாத காலைத் தடவிக்கொண்டார். "உக்காந்தது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். கடல் வீட்டுக்குள்ள வந்தா எவளும் போய் உக்காருவா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களும் அன்னைக்கே உக்காந்திருப்போம். அதத்தான் சீரணிக்க முடியல."

அவள் சாப்பிடச் சொன்னாள். அவர் சாப்பிட்டார், வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். போகும்போது, வருவாயா என்று கேட்கவில்லை.

மறுநாள் பெரிய ரோட்டில் லாரிகளும் பஸ்களும் நீளத்துக்கு நின்றன. சூசைமணல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், முதல் வரிசையில் ஒரு இடம் விட்டு. பிரான்சிட்டா போய் அதில் உட்கார்ந்தாள். தெரசம்மா நகர்ந்து இடம் கொடுத்து, தன் முந்தானையின் ஒரு பாதியை அவள் தலைமேல் போட்டாள். தார் சுட்டது. எடுத்துக்கொடு என்று பின்னாலிருந்து யாரோ அவள் முதுகைத் தொட்டார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே கோஷத்தைச் சொன்னாள். குரல் பழைய மாதிரியே ஏறியது. அந்தக் குரலை யாராவது பிடுங்கிக்கொண்டு போனால் தேவலை என்று அவளுக்கு இருந்தது, ஆனாலும் மறுபடியும் எடுத்துக்கொடுத்தாள், பெண்கள் மறுபடியும் சொன்னார்கள்.

நடுவில் போன் அடித்தது. மகள்.

"எங்கம்மா இருக்க? ஒரே சத்தமா கெடக்கு?"

சந்தையில் இருக்கிறேன் என்று சொல்லலாம். யாரோ கலியாண வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லலாம். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. பிரான்சிட்டா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரோட்டுல உக்காந்திருக்கேன். சூசைமணலுக்குக் கல்லு கேட்டு. ஏட்டி, நான் சொல்லுததக் கவனமாக் கேளு. இங்க கல்லு போட்டா ஒங்க ஊருக்கு மணல் வராது. கடல் ஒங்கள எடுக்கும். இப்பவே போய் ஒன் மாமியார்ட்டச் சொல்லு, கமிட்டியில சொல்லு. கல்லு வாறதுக்கு முந்தியே நீங்களும் ரோட்டுக்கு வாங்க."

போனில் மகளுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"நீயாம்மா கேக்குத?"

"நாந்தான்."

ஜெரோபின் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுதிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பாள். மகள் காரியமாகக் கேட்டாள்: "அப்ப நாங்க கல்லு போட்டா, எங்களுக்கு வடக்க யாரு?"

"லூர்துபட்டணம்."

"அங்க நமக்கு யாராச்சும் இருக்காவளா?"

பிரான்சிட்டா யோசித்தாள். அருளப்பன் பக்கத்துச் சொந்தம், தன் பக்கத்துச் சொந்தம், ஞானஸ்நானத் தாய் தகப்பன், கொண்டான் கொடுத்தான் எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"யாரும் இல்ல" என்றாள்.

"அப்பாடா" என்றாள் மகள்.

அந்த வார்த்தை பிரான்சிட்டாவைச் சுட்டது. அவள் வாயிலும் அதுதான் வந்து நின்றிருந்தது.